பூனை இருக்கட்டும்... கப்பு போகட்டும்!

''வீட்டுக்குள்ள என்னத்தம்மா வெச்சிருக்கீங்க? மாடிப்படி ஏறும்போதே குடலைப் புரட்டுது!''

மாசம் பிறந்தால் வாடகைக்கு மட்டுமே மாடி ஏறும் எங்கள் ஹவுஸ் ஓனர், போன ஐப்பசி மழையில் குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. அம்மா பதில் சொல்வதற்குள், பதிலே நடந்து வந்தது! வாலைத் தூக்கிக்கொண்டு, அவர் வேட்டியில் ஒரு உரசு உரசிவிட்டு, நடு ஹாலில் ஜம்மென்று உட்கார்ந்து கையை நக்க ஆரம்பித்தது.

பெயர்: மாப்பிள்ளை. வேளாவேளைக்குச் சாப்பிடுவான், தூங்குவான், ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டான், ஆனாலும் முறுக்கு மட்டும் குறையாது. அதனால் அம்மா வைத்த பெயர்.

''பத்து நாள் டைம். நாத்தம் போகணும். இல்லேன்னா பூனை போகணும். ரெண்டும் போகலேன்னா...'' மிச்சத்தை அவர் சொல்லவில்லை. திருவல்லிக்கேணியில் இந்த வாடகைக்கு இன்னொரு போர்ஷன் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரு ஹால், ஒரு கிச்சன், தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதற்குள் நாலு மனுஷர்கள், ஒரு மாப்பிள்ளை. அன்று மாலையே ஃப்ரீ அட்வைஸ் குவிந்தது. ''கோணிப்பையில போட்டு மீன் மார்க்கெட்ல விட்டுடுங்கோ, ராஜா மாதிரி இருக்கும்'' என்றார் பக்கத்து போர்ஷன் மாமி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், பரணில் இருந்த கோணிப்பை மறுநாள் காலை கீழே இறங்கியிருந்தது.

நீங்களும் தீப்பெட்டி சைஸ் வீட்டில் பூனை வளர்க்கிற ஆளா? அப்போ நீங்க நம்ம கட்சி! அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்டது, முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி பேப்பருக்குப் படித்ததைவிட அதிகம். வாங்க, மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ளே போவோம்!

முதல் தப்பு... முழுத் தப்பு!

நாத்தம் வந்தால் நாம் என்ன செய்வோம்? இன்னொரு வாசனையை அதன் மேல் போர்த்துவோம். நாங்களும் அதையேதான் செய்தோம். காலையில் ஊதுபத்தி, சாயங்காலம் சாம்பிராணி, நடுவில் மல்லிகைப்பூ ரூம் ஸ்பிரே. ரிசல்ட்? அதே பூனை மூத்திரம், மல்லிகைப்பூ ஃப்ளேவரில்!

அதுகூடப் பரவாயில்லை. அடுத்து அம்மா எடுத்தது ஃபினாயில் பாட்டில். இங்கேதான் நீங்கள் உஷாராகணும். பல கிருமிநாசினிகளில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களை நம் கல்லீரல் ஓரளவு சமாளித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலையைச் செய்யும் ஏற்பாடு ரொம்ப வீக். ஃபினாயில் போட்ட ஈரத் தரையில் பூனை நடக்கும். அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கும். அவ்வளவுதான், விஷம் நேராக உள்ளே! அலமாரியில் போடும் அந்துருண்டை, யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எல்லாமே பூனைக்கு ஆகாத பார்ட்டிகள்தான்.

இன்னொரு டேஞ்சர், பிளீச்சிங் பவுடர். மூத்திரத்தில் அமோனியா இருக்கிறது. அதோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் என்கிற வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், மூச்சு முட்டும். ஒரே ஜன்னல் வீட்டில் இந்த எக்ஸ்பெரிமென்ட் சுத்தமா வேண்டாம்!

கப்புக்குள்ளே கெமிஸ்ட்ரி

சரி, பூனை மூத்திரம் மட்டும் ஏன் இப்படிக் குடலைப் பிடுங்குது?

காரணம் நம்பர் ஒன்று, பரம்பரை. வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவின் வறண்ட பகுதிகளில் திரிந்த காட்டுப்பூனை. தண்ணீர் கிடைக்காத ஊரில் ஒவ்வொரு சொட்டையும் உடம்புக்குள்ளேயே சேமித்துப் பழகிய வம்சம். அதனால் வெளியே வருவது கொஞ்சம், ஆனால் செம ஸ்ட்ராங்!

காரணம் நம்பர் இரண்டு, யூரியா. புதுசாக இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. நேரம் ஆக ஆக, பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். நேற்றைக்கு நாறாத மூலை இன்றைக்குக் கண்ணைக் கரிப்பது இதனால்தான்.

காரணம் நம்பர் மூன்று, வில்லன்! பூனை வகைகளின் மூத்திரத்தில் ஃபெலினைன் என்று கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. இது எப்படி உருவாகிறது என்பதை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் மசாவோ மியாசாகியும் அவர் குழுவினரும் 2006-ல் விளக்கினார்கள். (பெயரிலேயே 'மியா' இருக்கு பாருங்க!) காக்ஸின் என்ற புரதம்தான் இதன் உற்பத்தியைத் தூண்டுகிறதாம். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது எக்கச்சக்கம். ஃபெலினைன் மெள்ள மெள்ள உடைந்து, தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்களாக மாறும். அதுதான் அந்த ஸ்பெஷல் 'கடுவன் கப்பு'. நமக்கு நாத்தம். மற்ற பூனைகளுக்கு அது விசிட்டிங் கார்டு... 'இது என் ஏரியா, உள்ளே வராதே!'

காய்ந்துபோன கறை, காற்றில் ஈரம் ஏறினால் மறுபடி மணக்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் ஒன்றும் சொல்லாத ஓனர், ஐப்பசி மழையில் ஏன் படியேறி வந்தார் என்பது இப்போது புரிகிறதா?

தேடு... ஒற்று... அப்புறம் கழுவு!

வாசனையைப் போர்த்தக் கூடாது, அதைக் கிளப்பும் பொருளையே உடைக்கணும். இதுதான் ஒரே ஃபார்முலா. ஸ்டெப் பை ஸ்டெப்பாகப் போவோம்.

முதலில் கறை எங்கே என்று கண்டுபிடிக்கணும். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா நிற டார்ச் எலெக்ட்ரிக் கடைகளில் கிடைக்கும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு அதை அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலாகப் பளபளக்கும். எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால், கேஸ் சிலிண்டர் மூலை, சுருட்டி வைத்த கோரைப்பாய் என்று அஞ்சு இடம் பளிச்! நாங்கள் ஒரு வாரமாக ஃபினாயில் ஊற்றியது இதில் ஒன்றில்கூட இல்லை.

ஈரமாக இருந்தால் பழைய துணியை அல்லது பேப்பரை வைத்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். பிறகு பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவித் துடையுங்கள்.

அடுத்து, பெட் ஷாப்களில் கிடைக்கும் என்ஸைம் கிளீனர். நாத்தப் பொருட்களை உடைத்துச் சின்னாபின்னமாக்குவது இதன் வேலை. ஊற்றிய உடனே துடைத்தால் வேஸ்ட். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விட்டு வையுங்கள்.

பட்ஜெட் இடிக்குதா? வீட்டு வைத்தியமும் இருக்கிறது. வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்தால் அமோனியா அடங்கும். ஆனால், ஒரு கண்டிஷன். மொஸைக், மார்பிள், கடப்பா கல் தரையில் வினிகர், எலுமிச்சை, புளி எதுவுமே கூடாது. அமிலம் பட்டால் அந்தக் கல் அரித்து, பளபளப்பு போய்விடும். அப்புறம் நாத்தத்துக்குப் பதில் தரைக்காக ஓனர் படியேறுவார்! டைல்ஸ் தரைக்கு ஓகே.

கடுவன் கப்புக்கு ஸ்பெஷல் மருந்து ஒன்று. அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி. பின்பக்கத்திலிருந்து அது பீய்ச்சும் திரவத்தின் நாத்தத்துக்கும் காரணம் இதே தயால் குடும்பம்தான். பால் கிரெபாம் என்ற வேதியியலாளரின் ஸ்கங்க் நாத்தத்துக்கான கலவை 1993-ல் வெளியானது. 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு லிட்டர், ஆப்ப சோடா கால் கப், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு ஸ்பூன். அவ்வளவுதான்! ஆக்ஸிஜன் ஏறியதும் தயால் தன் நாத்தத்தை இழந்துவிடும். மெடிக்கல் ஷாப் பாட்டிலில் 6 சதவிகிதம் என்று இருந்தால் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் கிளவுஸ் கட்டாயம்.

சில எச்சரிக்கைகள். கலந்த உடனே பயன்படுத்தி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். துணியில் சாயம் போகலாம், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். வினிகரையும் இதையும் ஒரே இடத்தில் கலக்கவே கலக்காதீர்கள். தரை காயும் வரை பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பாய், தலையணை, இலவம்பஞ்சு மெத்தை? துவைக்க முடிந்ததைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பஞ்சுக்குள் இறங்கிவிட்டால் பஞ்சை மாற்றுவதுதான் வழி. எங்கள் கோரைப்பாய்க்குக் கண்ணீருடன் விடை கொடுத்தோம்.

முல்தானி மட்டி டாய்லெட்!

பூனைக்கு மண்ணைத் தோண்டி, போய், மூடுவதுதான் பிறவிக் குணம். மண் இல்லாத மாடி வீட்டில் நாம்தான் மண் கொடுக்கணும். இல்லாவிட்டால் அது துளசித் தொட்டியைத் தேடிப் போகும். (தொட்டி மண்மேல் கூழாங்கற்களைப் பரப்பினால் போகாது!)

பெட் ஷாப்பில் விற்கும் 'கேட் லிட்டர்' பிறந்த கதை ஜாலியானது. 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எட் லோ என்பவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி பூனைக்கு மணல் கேட்டு வந்தார். குளிரில் அவருடைய மணல் உறைந்துவிட்டதாம். லோ கொடுத்தது, தொழிற்சாலைகளில் எண்ணெய்க் கறையை உறிஞ்சப் பயன்படும் ஃபுல்லர்ஸ் எர்த் களிமண். அதாவது, நம்ம ஊரில் முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டி! அம்மணிக்கு அது பிடித்துப்போக, ஒரு பெரிய பிசினஸே கிளம்பிவிட்டது. இன்று பிரபலமாக இருக்கும், கட்டி தட்டும் ரகம் பென்டோனைட் களிமண். அது நம்ம குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளமாகக் கிடைக்கிறது.

காசு இல்லையா? மணல், மர அறுவை மில்லில் கிடைக்கும் மரத்தூள், கிழித்த நியூஸ்பேப்பர் எல்லாமே ஓகே. டப் எப்படி இருக்கணும்? பூனையின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். விரல் நீளத்துக்கு மண். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். நீங்கள் டிபன் தட்டை எங்கே வைப்பீர்கள், யோசியுங்கள்! தண்ணீர் ஓடும் பாத்ரூம் தரையும் வேண்டாம். ஈர மண் இரண்டு மடங்கு நாறும். ஜன்னலுக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், பால்கனி மூலையில்... சத்தம் இல்லாத, காற்று வரும் இடமாகப் பாருங்கள். 'பூனை எண்ணிக்கை ப்ளஸ் ஒன்று' என்பது டப் கணக்கு. இடம் இல்லையென்றால், இருக்கும் ஒன்றை இரண்டு மடங்கு சுத்தமாக வையுங்கள்.

காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை அள்ளுங்கள். பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். களிமண்ணைக் கக்கூஸில் கொட்டினால் பைப் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை டப்பை சோப்புத் தண்ணீரில் கழுவி, மண்ணை மாற்றுங்கள். சென்ட் போட்ட லிட்டர் நமக்குப் பிடிக்கும். நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு உள்ள பூனைக்கு அது டார்ச்சர்!

ஏழாவது நாள்!

இவ்வளவும் செய்து முடித்தோம். ஆறாவது நாள் வீடு மணந்தது... ஸாரி, எதுவும் மணக்கவில்லை! அம்மா முகத்தில் சிரிப்பு.

ஏழாவது நாள் காலை. புதுப் பாயின் நடுவில் ஈரம். ''உனக்கு எவ்வளவு செஞ்சாலும் புத்தி வராதாடா?'' என்று அம்மா கத்த, மாப்பிள்ளை பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கோணிப்பையை எடுத்தது அம்மா இல்லை. நான்.

ஆமாங்க, நான்தான். அன்றைக்கு எனக்கு இன்டெர்னல் எக்ஸாம் வேறு. எரிச்சலோடு அவனை இழுக்கப் போனபோதுதான் பார்த்தேன். தானாகவே வெளியே வந்து டப்பில் ஏறினான். உட்கார்ந்தான். முக்கினான். ஒன்றும் வரவில்லை. இறங்கினான். ரெண்டு நிமிஷத்தில் மறுபடி ஏறினான். தொண்டை அடைத்த மாதிரி ஒரு முனகல். மண்ணில் இரண்டே சொட்டு. அதில் இளஞ்சிவப்பு.

கோணிப்பையைப் போட்டுவிட்டு, காய்கறிக் கூடையில் அவனை வைத்து, எக்ஸாமையும் மறந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். 1903-ல் தொடங்கிய பழைமையான கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை அது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ''சேட்டை பண்ணலை தம்பி. அவனுக்கு வலிக்குது. மண்ணுல போனப்போ வலிச்சிருக்கு. அதனால மண்ணுதான் வலிக்குதுன்னு நெனச்சு பாய்க்கு வந்திருக்கான்.''

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். மூத்திரப் பையில் அழற்சி வந்தாலோ, பொடிப் பொடிக் கற்கள் சேர்ந்தாலோ அடைத்துக்கொள்ளும். முழுசாக அடைத்தால் ஓரிரண்டு நாட்களில் உயிரே போகலாம். மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரமாக அவன் வீடு முழுக்க ஈரத்தால் எழுதிக்கொண்டிருந்த லெட்டரை, நாங்கள் படிக்காமலே ஃபினாயில் ஊற்றி அழித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு பாராவை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுதான். ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று கண்ட இடத்தில் போக ஆரம்பித்தால், துடைப்பதற்கு முன் யோசியுங்கள். டப் அழுக்கா? இடம் மாறியதா? வீட்டில் புது ஆள், புதுப் பூனை, பயம் ஏதாவது? இல்லையென்றால் உடம்புக்கா? அடிக்கடி போய் உட்கார்ந்தும் வராமல் முக்கினால், 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது. அன்றைக்கே டாக்டர். வலிக்குதே என்று நம் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது எமன்!

டிஸ்சார்ஜ் டிப்ஸ்

கருத்தடை: ஐந்து மாதம் நெருங்கும்போதே டாக்டரிடம் பேசிவிடுங்கள். சுவரில் பீய்ச்சும் பழக்கம் பத்தில் ஒன்பது ஆண் பூனைகளுக்குக் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். கடுவன் கப்பும் இறங்கும். சில வாரங்கள் ஆகும், பொறுமை!

தண்ணீர்: எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு மூன்று இடத்தில் கிண்ணம் வையுங்கள். மீன் வேகவைத்த தண்ணீரை உப்பு, வெங்காயம் இல்லாமல் கொடுக்கலாம். உப்புக் கருவாடு கட்.

கர்ப்பிணிகள் இருக்கும் வீடா? பூனையைத் துரத்த வேண்டியதில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூனையின் மலத்தில் வெளிவந்த பிறகு தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதனால் டப்பைத் தினமும் சுத்தம் பண்ணணும், கர்ப்பிணி அல்லாத வேறொருவர் பண்ணணும். பச்சை மீன், பச்சைக் கறி போடாதீர்கள்.

கோணிப்பை: வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனைக்கு மீன் மார்க்கெட் ராஜாங்கம் இல்லை... நாய்களும் லாரிகளும்தான்.

பத்தாவது நாள். சொன்னபடி படியேறி வந்தார் ஓனர். கையில் குடை இல்லை, மூக்கில் கையும் இல்லை. ஹாலில் நின்று ஒரு இழுப்பு இழுத்தார். கிச்சன் வாசலில் இன்னொரு இழுப்பு. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

''பரவால்லயேம்மா... சொன்ன பேச்சைக் கேட்டு பூனையை விட்டுட்டீங்க போல!'' என்றார் திருப்தியாக.

மேலே பரணில், மடித்து வைத்த கோணிப்பையின் மேல் படுத்திருந்த மாப்பிள்ளை, தலையை மட்டும் நீட்டி நிதானமாகச் சொன்னான்...

''மியாவ்!''